கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி

பூவராகவன் கல்லாவிலிருந்து இறங்கி, மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த சின்ன மருமகளின் பின்னால் போய் நின்றார். நாற்காலியின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார். துவரம்பருப்பு மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சாரதா அதைப் பார்த்தாள். பதினோரு வருடங்களாக அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். மாமனார் ஒரு நாளும் அவள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்ததில்லை.

"எங்க, இன்னொருவாட்டி காட்டு" என்றார் அவர்.

யுவஸ்ரீ சிரித்தாள். "இதோ பாருங்க மாமா. இவன்தான் ஏஜென்ட்டு, ஒரு ஏஐ. நாம சொல்றத கேட்டு யோசிப்பான். ஆனா அவனால எதையும் தொட முடியாது. மூள இருக்குது, கை இல்ல. நான் செஞ்சிருக்கறது கை."

"கையா?"

"ஆமா. எழுத்த தேடி மாத்தற கை."

மாமனார் தலையாட்டினார். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது என்று சாரதாவுக்குத் தெரியும். ஆனால் புரியாததை இவ்வளவு ஆசையாக அவர் கேட்டுக்கொண்டு நின்றதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. புரிகிற விஷயங்களை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சரிம்மா, சரிம்மா என்று கேட்காமலே தலையாட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார்.

அவர்களுடையது செஞ்சி கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அவலூர்பேட்டை, சீயமங்கலம் என்று சுற்றியுள்ள ஊர்களின் சில்லறைக் கடைகளுக்கெல்லாம் சரக்கு இங்கிருந்துதான் போகிறது. ஒவ்வொரு கடைக்கும் கணினியில் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கடைக்கு என்ன விலை, எந்தச் சரக்கு இருக்கிறது, எது எப்போது வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அந்தந்தக் கோப்பு அந்தந்தக் கடைக்காரரின் போனுக்குச் சரக்குச் சீட்டாகப் போகும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் சாரதா. கல்யாணமாகி வந்த புதிதில் எல்லாம் போனில் வாய்வார்த்தையாகவே நடந்துகொண்டிருந்தது. அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், ஒவ்வொரு கடையாகத் தட்டச்சு செய்து இதை உருவாக்கினாள். மாமியார் போன பிறகு மேலே சமையலறையும் அவளுடையதுதான். ஆனால் அதை அவள் தன்னுடையது என்று நினைத்ததில்லை. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்தான் அவளுடையது.

அவள் கோப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. சரக்கு தீர்ந்துபோனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத மாட்டாள். சீயமங்கலத்தில் கடை நடத்துகிற சுந்தராம்பாள் பொறுமை இல்லாதவர். 'அடுத்த வாரம்' என்று படித்தால் உடனே திண்டிவனத்து மொத்தக் கடைக்குப் போன் போட்டுவிடுவார். அவருக்கு, 'லாரி கிளம்பிடுச்சு, திங்கள் காலை கையில் இருக்கும்.' அவலூர்பேட்டைத் தங்கராசுவுக்கு மற்றவர்களைவிடத் தனக்கு முதலில் கிடைக்கவேண்டும். அவருக்கு, 'வந்ததும் உங்களுக்குத்தான் முதல் மூட்டை.' கடனுக்கு வாங்குகிற சிலருக்கு வெறுமனே, 'வரும்.' யாருக்கு எந்தச் சொல் பிடிக்கும், எந்தச் சொல் சுடும் என்பது அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் கவனித்ததும் இல்லை.

யுவஸ்ரீக்கு அதுதான் சிக்கலாக இருந்தது. அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஏஜென்ட்டுகள் பயன்படுத்துகிற கருவிகளைச் செய்வதுதான் அவள் வேலை. கடைக்காரர்கள் போனிலேயே ஆர்டர் போடும்படி ஒரு ஏற்பாடு செய்துதருகிறேன் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தாள். தீர்ந்துபோன சரக்குக்கு ஆர்டர் விழாமல் இருக்க வேண்டுமானால், அது எங்கே எப்படி எழுதியிருந்தாலும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும்.

"அக்கா, நீங்க ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி எழுதியிருக்கீங்க. ஆளு தேடினா நாலு நாளு ஆவும். இதுக்கு ரெகெக்ஸ்னு ஒண்ணு இருக்குது. ஒரு சொல்ல அப்படியே தேடாது. சொல்லோட ஜாடைய தேடும். லாரின்னு வந்து பின்னால எதுவா இருந்தாலும், ஒரு கெழமையோட பேர் வந்து முன்னால எதுவா இருந்தாலும், வரும், வருது, வந்ததும்னு எப்படி முடிஞ்சாலும், எல்லாத்தையும் ஒரே வரியில புடிச்சிடும்."

பதினோரு வருடம் ஆளுக்கு ஏற்றபடி அவள் தேர்ந்தெடுத்த சொற்களெல்லாம் ஒரே வரியில் பிடிபடும் என்பதைச் சாரதா கேட்டுக்கொண்டாள். "நல்லதுதானே" என்றாள்.

வெறுப்பதற்கு யுவஸ்ரீயிடம் ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திமிராகப் பேசலாம், சமையலறைப் பக்கம் வராமல் இருக்கலாம், மூத்தவளை மதிக்காமல் இருக்கலாம். அவள் எதையும் செய்யவில்லை. அக்கா அக்கா என்று சுற்றிவந்தாள். மீட்டிங் முடிந்தவுடன் வந்து வெங்காயம் நறுக்கினாள். சாரதாவின் மகள் அனுஷாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிடித்து நிற்க ஒரு விளிம்பும் இல்லாத சுவர் போல அவள் நல்லவளாக இருந்தாள். சாரதாவின் பொறாமை அந்தச் சுவரில் ஏறி ஏறிச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "ப்ரீவியூ காட்டு" என்று மெல்லச் சொல்லிப்பார்த்தாள். யுவஸ்ரீ ஏஜென்ட்டிடம் பேசுகிற அந்தக் குரலில். அதிகாரமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல், சொன்னால் நடந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் உள்ள குரல். அவளுக்கு அது வரவில்லை. யாரையோ கேலி செய்வது போல ஒலித்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தப் புதன்கிழமை சாப்பிடும்போது பூவராகவன் பேச்சை எடுத்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம அந்த மிசினே சீட்டு அனுப்பிச்சி பாக்கட்டும். சரியா போச்சின்னா, ஆவணி ஒண்ணாந்தேதிலேர்ந்து யுவஸ்ரீ கீழ ஒக்காரட்டும்."

சாரதா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியில் இருந்த ரசம் கீழே சிந்தவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

"அப்போ அண்ணி?" என்றான் யுவஸ்ரீயின் கணவன், கொழுந்தன் விஷ்ணு.

"இத்தினி வருசம் ஒழைச்சிட்டா. மேல இருந்து ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவள் கணவன் இளமாறன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "கேட்டியா? நைனாவே சொல்லிட்டாரு. எப்ப பாரு முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்றியே."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளை அந்த இடத்திலிருந்து நீக்குகிறவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் நீக்கினார்கள். முதுகு வலிக்கிறது என்று இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள். யுவஸ்ரீ தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அடக்கமாக இருக்கிறாளாம் என்று சாரதா நினைத்தாள். ஜெயித்தவர்களுக்கு அடக்கம் சுலபம்.

வியாழக்கிழமை முழுவதும் சாரதா வழக்கத்தைவிடக் கவனமாக வேலை செய்தாள். லாரி ஆபீசுக்குப் போன் போட்டு எந்தச் சரக்கு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டாள். அமாவாசை வருகிறது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும். கற்பூரம் தீர்ந்திருந்தது. நல்லெண்ணெய் தீர்ந்திருந்தது. வெல்லம் பாதி வழியில் நின்றிருந்தது. வருகிற கொஞ்சச் சரக்கை யாருக்கு எந்தக் கிழமை கொடுப்பது என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு வாக்கு எழுதினாள். இதுதான் கடைசி முறை என்றால் ஒரு குறையும் இருக்கக் கூடாது. சாயங்காலம் யுவஸ்ரீ வந்து, அந்தக் கணினியிலேயே ஏஜென்ட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கடை திறந்து, படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி முடிந்திருந்தது. பூவராகவன் வெளியே லோடு இறக்குகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சாரதாவின் போன் ஒலித்தது. மேலே மாடியிலிருந்து யுவஸ்ரீ.

"அக்கா, எனக்கு ஆபீஸ் கால் ஆரம்பிச்சிட்டாங்க, எறங்க முடியல. ஸ்க்ரீன்ல ரெடியா இருக்கும். எங்கெங்க மாத்தப்போறேன்னு காட்டும். ஒருவாட்டி பாத்துட்டு ஓகே மட்டும் குடுத்துடுங்களேன். மீதிய அதுவே அனுப்பிடும்."

"சரி" என்றாள் சாரதா.

திரையைத் தொட்டதும் அது விழித்துக்கொண்டது. இடப்பக்கம் சிவப்பில் பழைய வரி. வலப்பக்கம் பச்சையில் புதிய வரி. மேலே, இத்தனை கோப்புகளில் இத்தனை இடங்கள், நீங்கள் சம்மதித்தால் மட்டுமே மாற்றுவேன் என்று எழுதியிருந்தது. அவள் முதல் வரியைப் படித்தாள்.

சிவப்பில்: கற்பூரம் – லாரி கிளம்பிடுச்சு, திங்கள் காலை கையில் இருக்கும்.

பச்சையில்: கற்பூரம் – இல்லை.

அடுத்த வரி. நல்லெண்ணெய் – வந்ததும் உங்களுக்குத்தான் முதல் டின். நல்லெண்ணெய் – இல்லை. அதற்கடுத்தது. வெல்லம் – இல்லை. அவள் உருட்டிக்கொண்டே போனாள். இல்லை, இல்லை, இல்லை என்று பச்சை நிறத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் கடையில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். சரக்கு தீர்ந்தால் வரும் என்பார்கள், சொல்லியிருக்கு என்பார்கள். மேலே வீட்டில் அரிசிப் பானை காலியானால்கூட நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அனுஷா நான்கு வயதில் கடைக்கு வந்து, "தாத்தா, கல்கண்டு இல்ல" என்று கத்தியபோது, பூவராகவன் குழந்தையை ஒன்றும் சொல்லாமல், தெருவில் இறங்கி நின்று, வலது காலை எடுத்துவைத்து மறுபடி உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் அந்தச் சொல் காதில் விழுந்தால்கூட முகம் சுளிப்பார். யுவஸ்ரீயின் அப்பா செங்கல்பட்டில் பாங்கி உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். கல்லா வைத்த வீட்டில் அவள் வளரவில்லை. அவளுக்கு இது தெரியாது. அவள் ஏஜென்ட்டிடம் ஒரே மாதிரி ஆக்கு என்று சொல்லியிருப்பாள். இருப்பதிலேயே தெளிவான சொல்லை அது எடுத்துப் போட்டிருக்கிறது.

மேலே போன் போட்டு நாலு வார்த்தை சொன்னால் போதும். மாத்திடறேன்க்கா, தாங்க்ஸ்க்கா என்பாள். 'வரும்' என்று மாற்றிவிடுவாள். சீட்டு சரியாகப் போகும். ஆவணி பிறக்கும்.

சாரதா சுட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அது காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. இப்படி இருப்பதை இப்படி மாற்றப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று வரிவரியாகக் காட்டிவிட்டு மரியாதையாகக் காத்திருந்தது. அவள் வாழ்க்கையில் எதை மாற்றும்போதும் யாரும் இப்படிக் காட்டிக் கேட்டதில்லை. அந்த மரியாதையின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. அதையும் செய்தவள் யுவஸ்ரீதான்.

பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள் என்றுதான் சொன்னாள். பார்த்தாயிற்று.

அழுத்தினாள். மார்புக்குள் ஏதோ சில்லென்று இறங்கியது. அது பயம் என்று நினைத்தாள். கொஞ்சம் கழித்துத்தான் அது சந்தோஷம் என்று தெரிந்தது.

முதல் போன் தங்கராசுவுடையது. பூவராகவனுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"இன்னா முதலாளி, கடைய ஏறக்கட்டிட்டீங்களா?"

"இன்னாப்பா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது, நீங்கதான் சொல்லியிருக்கீங்களே. கற்பூரம் இல்ல, எண்ண இல்ல, வெல்லம் இல்ல, ஏலக்கா இல்ல. இல்லன்றத தவர வேற ஒண்ணும் ஸ்டாக் இல்ல போலக்குதே!"

பின்னால் நின்ற மூட்டைக்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பூவராகவனின் கை போனோடு அப்படியே நின்றது. அவர் அதை வைப்பதற்குள் சுந்தராம்பாளின் போன் வந்தது.

"ஏங்க, வெள்ளிக்கெழமயும் அதுவுமா வெளக்கேத்திட்டு போனத் தொறந்தா ஒங்க சேதிதான் மொதல்ல. வரிக்கு வரி இல்ல இல்லன்னு. ஒங்களுக்கு நான் இன்னாங்க கெடுதல் செஞ்சேன்? என் கடையில ஒரு மவராசன் இன்னிக்கு காலெடுத்து வெப்பானா?"

"அம்மா, தப்பு நடந்துபோச்சி, மன்னிச்சிக்கம்மா."

"உங்க பெரிய மருமவ அப்படியெல்லாம் எழுதாதே. அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

சாரதா குனிந்துகொண்டாள். அந்த வார்த்தை காதில் தேனாக விழுந்தது. அதற்காக அவள் வெட்கப்படவும் செய்தாள். ஆனால் தேன்தான் முதலில்.

பூவராகவன் கல்லாவை விட்டு இறங்கினார். தெருவில் போய் நின்றார். எதிர்க்கடைக்காரர் என்னவென்று எட்டிப்பார்த்தார். அவர் யாரையும் பார்க்காமல் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்து, சாமி மாடத்தில் மீதியிருந்த ஒரே வில்லைக் கற்பூரத்தைக் கொளுத்தினார். அப்புறம்தான் திரும்பினார்.

"யாரு இத அனுப்பிச்சது?"

குரல் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். யுவஸ்ரீ கழுத்தில் ஹெட்போன் தொங்கப் படிகளில் இறங்கி வந்து நின்றாள். அவள் கண்கள் முதலில் மாமனாரைப் பார்த்தன. பிறகு திரையை. பச்சை வரிகள் இன்னும் அங்கேயே இருந்தன. பிறகு சாரதாவை.

சாரதா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவசரத்தில் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அது எப்படி மாற்றும் என்று எனக்கென்ன தெரியும் என்று சொல்லலாம்.

"நான்தான் மாமா" என்றாள் யுவஸ்ரீ. "நான்தான் ஓகே குடுத்தேன். பாக்காம குடுத்துட்டேன்."

பூவராகவன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தது. புது மருமகளைக் கடைத்தெருவில் வைத்துத் திட்ட அவரால் முடியாது.

"ஒனக்குத் தெரியாதும்மா. இது ஆபீசு இல்ல. இங்க ஒரு சொல்லு வாயில வந்தா அது கடைக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். நீ மேல இருந்து ஒன் வேலய பாரு. சாரதா பாத்துக்குவா. இந்தக் கடைய தெரிஞ்சவ அவதான்." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "பழையபடி மாத்தி அனுப்பிடும்மா" என்றார்.

இந்தக் கடைய தெரிஞ்சவ அவதான். பதினோரு வருடமாக இதைக் கேட்பதற்குத்தான் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பது இப்போது தெரிந்தது. வந்துவிட்டது. ஆனால் அது யுவஸ்ரீயின் கையிலிருந்து வந்திருந்தது, வெங்காயம் நறுக்கித் தருவது போல.

காபி கொண்டுபோகிற சாக்கில் சாரதா மாடி ஏறினாள். யுவஸ்ரீ ஜன்னலோரம் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது?" யுவஸ்ரீ டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நீங்கதான்னு சொல்லியிருந்தா உங்கள எழுப்பிட்டு என்ன ஒக்கார வெச்சிருப்பாரு."

"அதுக்குத்தானே நீ..."

"ஐயோ அக்கா!" அவள் சிரித்தேவிட்டாள். "எனக்கு எதுக்குக்கா அது? ரெண்டு மாசமா விஷ்ணுகிட்ட கெஞ்சிக்கினு இருக்கேன், மாமாகிட்ட சொல்லுங்க எனக்கு வேணாம்னு. அவரு நைனா எதிர்ல நின்னா வாயே தொறக்க மாட்டேன்றாரு. காலையிலேர்ந்து மொளகா நெடியில அந்த சேர்ல ஒக்காந்துக்கினு, யாரு யாருக்கோ பதில் சொல்லிக்கினு... என்னால ஆவாதுக்கா. ஆர்டர் ஏற்பாட்ட செஞ்சி குடுத்துட்டா விட்டுடுவாருன்னு நெனச்சேன். செஞ்சி குடுத்தா சேர்ல ஒக்காருன்றாரு."

சாரதா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடித்திருப்பதாக அவள் நினைத்த கை, கயிற்றைப் பிடிக்கவே இல்லை. அவள் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொறாமை இத்தோடு தீர்ந்துவிட வேண்டும். அது அப்படித் தீரவில்லை. இன்னும் ஆழமான ஓர் இடத்துக்கு இறங்கியது. அவளுடைய நாற்காலியை யுவஸ்ரீ பறித்துக்கொண்டிருந்தால்கூட அது விலைமதிப்புள்ள பொருளாக இருந்திருக்கும்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள் யுவஸ்ரீ, காபியை ஆற்றிக்கொண்டே. குரல் மாறவில்லை.

"எத?"

"ஒவ்வொரு வரியும் காட்டாம அது ஓகே வாங்காதுக்கா. கடைசி வரைக்கும் உருட்டினாத்தான் அந்த பட்டனே வரும். நான்தான் அப்படி செஞ்சேன். ஏஜென்ட்டுங்க அவசரக்காரனுங்க. ஆளுங்களும்தான்."

கீழே யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

"பாத்தேன்" என்றாள் சாரதா.

"ம்."

"கோவமா?"

"இருக்குது. அத அப்பறம் படறேன். இப்ப எனக்கு கால் இருக்குது." யுவஸ்ரீ ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கோபத்தைக்கூட இப்படிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைக்க முடிகிறது இவளால். சாரதாவின் கோபங்கள் ஒன்றுகூட அவள் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, சொன்ன நேரத்துக்குப் போனதும் இல்லை.

அவள் கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே கையால் மாற்றிவிடலாம். பொழுது போவதற்குள் முடியாவிட்டாலும் நாளைக்குள் முடியும். முதுகு வலித்தால் வலிக்கட்டும். சுந்தராம்பாளின் கோப்பைத் திறந்தாள். கற்பூரம் – இல்லை. அதை அழித்துவிட்டு, லாரி கிளம்பிடுச்சு, திங்கள் காலை என்று எழுதினாள். நல்லெண்ணெய்? அதற்கு என்ன எழுதியிருந்தாள்? புதனா? வரப்போவதே பத்து டின்தான். அதில் முதல் டின்னைத் தங்கராசுவுக்குச் சொல்லியிருந்தாள். இரண்டாவது யாருக்கு? வெல்லம் பாதி யாருக்குச் சனிக்கிழமை, பாதி யாருக்குச் செவ்வாய்? நேற்று முழுநாளும் யோசித்து யோசித்துப் பிரித்த கணக்கு. எழுதும்போது கை அதுவாகவே எழுதியது. கை எழுதியதால் மனத்தில் தங்கவில்லை.

அவள் தங்கராசுவின் கோப்பைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். எல்லாவற்றிலும் ஒரே சொல் உட்கார்ந்திருந்தது. யாருக்கு எந்தச் சொல் என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தது அந்த ஏஜென்ட்டுக்கு. அவள் அழிக்கச் சொன்ன ஒவ்வொன்றையும் அது அழிப்பதற்கு முன் எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கும். திரும்பக் கொண்டுவரலாம் என்று புதன்கிழமை யுவஸ்ரீ மாமனாருக்குக் காட்டியிருந்தாள். சாரதா பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்காத மாதிரி கேட்டாள்.

"ஆச்சாம்மா?" என்றார் பூவராகவன் கல்லாவிலிருந்து. "தனசேகரன் கேக்கறான், அவனுக்கு எண்ண என்னிக்கின்னு."

தனசேகரனுக்கு என்றைக்கு? ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கு இரண்டு கடைக்காரர்கள் ஒரே டின்னுக்கு வந்து நிற்பார்கள்.

"ஒரு நிமிசம் மாமா."

அவள் போனை எடுத்தாள். யுவஸ்ரீக்குச் செய்தி தட்டி அனுப்பலாமா, மெல்ல மேலே போய்க் கேட்கலாமா என்று யோசித்தாள். எதைச் செய்தாலும் அவள்தான் கேட்க வேண்டும். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாடிப்படி பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"யுவஸ்ரீ! கொஞ்சம் கீழ வா."

அவள் வந்தாள். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் விலக்கிவிட்டிருந்தாள். அதற்குள்ளிருந்து யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பது சின்னதாகக் கேட்டது.

"பழசு வேணும்" என்றாள் சாரதா, திரையைப் பார்த்துக்கொண்டு.

யுவஸ்ரீ நாற்காலிக்கு அருகில் வந்து, சாரதாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் குனிந்து தட்டச்சு செய்தாள். அவள் கூந்தலிலிருந்து ஷாம்பூ வாசனை வந்தது. எழுந்துகொள்ள வேண்டும், இவளை உட்காரவைக்க வேண்டும் என்று சாரதாவுக்குத் தோன்றியது. யாராயிருந்தாலும் எழுந்திருப்பார்கள். அவள் கால்கள் நகரவில்லை.

திரையில் வரிகள் திரும்பின. இப்போது சிவப்பில் 'இல்லை'. பச்சையில் அவளுடைய சொற்கள்.

"ஏம்மா, நிக்கிறியே. அந்த ஸ்டூலயாவது இழுத்துப் போட்டுக்கோ" என்றார் பூவராகவன்.

"பரவால்ல மாமா, ஒரு நிமிசம்தான்." யுவஸ்ரீ சாரதாவின் காதுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்தினாள். "ஓகே குடுங்கக்கா. எனக்கு அங்க காத்துக்கினு இருக்காங்க."

சாரதா சுட்டியைப் பிடித்தாள். முதல் வரிக்குப் போனாள். கற்பூரம் – லாரி கிளம்பிடுச்சு, திங்கள் காலை கையில் இருக்கும். நல்லெண்ணெய் – புதன் மாலை, உங்கள் பையனை அனுப்புங்கள். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தாள், கண்ணை அகற்றாமல், மெதுவாக. பின்னால் யுவஸ்ரீ ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

"சீக்கிரம் அழுத்தும்மா, பாவம் நிக்கறா" என்றார் மாமனார்.

"பாத்துட்டுத்தான் மாமா அழுத்தணும்" என்று சொல்லிவிட்டு, சாரதா அடுத்த கடையின் வரிகளைப் படிக்கத் தொடங்கினாள்.